வாலில் வைத்த குறி

முதல் பிறந்தநாளைக்கூட எட்டாத குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்றால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது 11-ஆவது குரோமோசோமைத்தான். அந்த வயதில் வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவில், பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு அங்கே ஒரே மரபணு உடைந்திருக்கிறது. எம்எல்எல் என்பது அதன் பழைய பெயர். இப்போது அறிக்கைகளில் கேஎம்டி2ஏ என்று வருகிறது. ஆய்வகங்களில் பழைய பெயரே புழங்குவதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

புகையிலை, குடி என்று பழிபோட எதுவுமே இல்லாத வயது அது. இதன் தொடக்கம் கருப்பையிலேயே இருக்கிறது என்று 1993-இல் இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையர் இருவருக்கும் லுக்கீமியா வந்தபோது, மரபணு உடைந்த இடம் இருவரிடமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. பெற்றோர் வழியாக வந்த குறை அல்ல. ஒரு சிசுவின் செல்லில் நேர்ந்த உடைவு, நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் வழியே மற்றதற்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த உடைவை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம். எலும்பு மஜ்ஜையில் எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, மரபணுவின் ஒரு முனையில் சிவப்பாக ஒளிரும் டிஎன்ஏ துண்டையும் மறுமுனையில் பச்சையாக ஒளிரும் துண்டையும் ஒட்டவிடுவார்கள். மரபணு முழுசாக இருந்தால் இரண்டு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரியும். ஆகவே நல்ல செல்லில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். நோயுற்ற செல்லில் ஒரு மஞ்சள், எங்கோ தனியே ஒரு சிவப்பு, இன்னொரு பக்கம் தனியே ஒரு பச்சை. பிரிந்துபோன அந்தச் சிவப்பும் பச்சையும்தான் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடுகின்றன.

இத்தனை சேதம் விளைவிக்கும் மரபணுவுக்குச் சாதாரண நாளில் என்ன வேலை? ஹைதராபாத்தின் கிழக்குப் புறத்தில், நாகோல் போகும் மெட்ரோ தடத்தை ஒட்டிய உப்பல் பகுதியில் சிடிஎஃப்டி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டிஎன்ஏ கைரேகை மற்றும் நோயறிதல் மையம் என்பது முழுப் பெயர். நீதிமன்ற வழக்குகளுக்கு டிஎன்ஏ அறிக்கை தரும் இடம் என்றுதான் வெளியே பெயர். அங்கே ஷ்வேதா தியாகியின் ஆய்வுக்குழு பல ஆண்டுகளாக இந்த ஒரு புரதத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் கண்டதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

நம் செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீட்டர் டிஎன்ஏ இருக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் உட்கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. இதைச் சாத்தியமாக்குவது ஹிஸ்டோன் என்ற புரதக் குடும்பம். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு திரளை. அதைச் சுற்றி 147 எழுத்து நீளத்துக்கு, இரண்டு சுற்றுக்குச் சற்றே குறைவாக டிஎன்ஏ வளைந்து கிடக்கும். சிறிது இடைவெளி, மறுபடி ஒரு திரளை. நியூக்ளியோசோம் எனப்படும் இந்த அலகுகள் ஒரு செல்லுக்குச் சில கோடி தேறும்.

ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் கோசெல் 1884-இலேயே பறவை இரத்தச் செல்களிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்துவிட்டார். அதன்பின் எண்பது ஆண்டுகள் அதற்கு மூட்டை கட்டும் வேலைக்கு மேல் பெரிய மதிப்பில்லை. 1964-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரியும் அவருடைய சகாக்களும், ஹிஸ்டோன்கள்மேல் அசிட்டைல், மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகள் ஏறுகின்றன என்றும், மரபணு வேலை செய்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் எழுதினார்கள். அதைச் செய்யும் நொதிகள் அகப்பட மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1996-இல் டேவிட் அல்லிஸின் ஆய்வகம் குளத்துநீரில் வாழும் ஒரு செல் உயிரியிலிருந்து அசிட்டைல் ஏற்றும் நொதியைக் கண்டெடுத்தது. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் ஆய்வகம் அசிட்டைலைக் கழற்றும் நொதியைப் பிடித்தது.

ஹிஸ்டோன் புரதத்தின் ஒரு முனை திரளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வால் என்றே அதை அழைக்கிறார்கள். வாலில் லைசின் என்ற அமினோ அமிலம் ஆங்காங்கே வரும். லைசினுக்கு நேர்மின்னூட்டம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் இறுக ஒட்டும். லைசின்மேல் அசிட்டைல் ஏறினால் அந்த மின்னூட்டம் போய்விடும், பிடி தளரும், மரபணுவைப் படிக்கும் இயந்திரம் உள்ளே நுழைய வழி கிடைக்கும். மெத்தில் கதை வேறு. அது ஏறினாலும் மின்னூட்டம் மாறுவதில்லை. சலவைக்காரர் துணியின் ஓரத்தில் மசியால் ஒரு குறி போடுவாரே, அதனால் வேட்டி புடவையாகிவிடுவதில்லை. எந்த வீட்டுக்குப் போக வேண்டியது என்பது குறியைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும். மெத்தில் குறியும் அப்படித்தான். செல்லில் அதைப் போடும் நொதி உண்டு, படிக்கும் புரதம் உண்டு, அழிக்கும் நொதியும் உண்டு. அழிக்கவே முடியாத குறி என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 2004-இல்தான் முதல் அழிப்பான் கிடைத்தது.

குறி எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துச் செய்தி மாறும். எச்3 என்ற ஹிஸ்டோனின் 4-ஆவது லைசினில் மூன்று மெத்தில்கள் இருந்தால் அந்த மரபணு பெரும்பாலும் விழித்திருக்கும். 27-ஆவது லைசினில் இருந்தால் உறங்கும். இந்த 4-ஆவது லைசினில் குறி போடுகிற நொதிகளில் ஒன்றுதான் எம்எல்எல். 2002-இல் இரண்டு குழுக்கள் இதை நிறுவின.

ஈக்கள் இதில் நமக்கு முன்னோடி. பழ ஈயின் கருவில் எந்தத் துண்டத்தில் கால், எந்தத் துண்டத்தில் இறகு என்பதை ஹாக்ஸ் மரபணுக்கள் முடிவுசெய்கின்றன. எந்த ஹாக்ஸ் எங்கே விழித்திருக்க வேண்டும் என்று முதல் சில மணி நேரத்தில் முடிவெடுக்கும் புரதங்கள் விரைவில் மறைந்துவிடும். முடிவு மட்டும் ஈயின் வாழ்நாள் முழுதும் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பவை இரண்டு அணிகள். பாலிகோம்ப் அணி அணைத்ததை அணைத்தே வைக்கும், 27-ஆவது லைசினில் குறி போட்டு. டிரைதொராக்ஸ் அணி எரிவதை எரியவிடும், 4-ஆவது லைசினில் குறி போட்டு. ஆண் ஈயின் முன்னங்காலில் மட்டும் இருக்க வேண்டிய சீப்பு போன்ற முடிவரிசை, பாலிகோம்ப் கெட்டுப்போன ஈயில் பின்னங்கால்களிலும் முளைத்துவிடும். சிடிஎஃப்டியிலிருந்து சில நிமிடப் பயணத்தில், ஹப்சிகூடாவில் உள்ள சிசிஎம்பி என்ற செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் ராகேஷ் மிஸ்ராவின் குழு ஈக்களை வைத்து இந்த இரண்டு அணிகளையும் பல காலம் ஆராய்ந்தது. கோவிட் காலத்தில் சிசிஎம்பியின் பெயர் தினம் செய்தியில் அடிபட்டது. அந்த வளாகத்தில் ஈ வளர்த்துக் குரோமேட்டினை, அதாவது ஹிஸ்டோன்மேல் சுற்றிய டிஎன்ஏவை, ஆராய்ந்தது அவ்வளவாக வெளியே தெரியாது.

மனிதனில் டிரைதொராக்ஸின் வாரிசுதான் எம்எல்எல். நம் எலும்பு மஜ்ஜையில், இளம் இரத்தச் செல்லில், ஹாக்ஸ்ஏ9 முதலான மரபணுக்களை அது எரிய வைக்கிறது. செல் முதிர முதிர அவை அணைய வேண்டும். லுக்கீமியாவில் அவை அணைவதில்லை, செல்லும் முதிர்வதில்லை, பிள்ளைப் பருவத்திலேயே நின்று பெருகிக்கொண்டே போகிறது.

இதுவரை கேட்டவர்கள், உடைந்த எம்எல்எல் 4-ஆவது லைசினில் அளவுக்கு மீறிக் குறி போடுகிறது போலும் என்று நினைப்பார்கள். பாடப்புத்தகப் படத்தை வைத்து நினைத்தால் அப்படித்தான் வரும். நடப்பதோ தலைகீழ். எம்எல்எல் ஏறக்குறைய 4,000 அமினோ அமிலங்கள் கொண்ட பெரும் புரதம். மெத்தில் போடும் பகுதி அதன் கடைக்கோடியில் இருக்கிறது. மரபணு உடையும்போது முதலில் போவதே அந்தக் கடைக்கோடிதான். மிஞ்சுவது முன்பாதி, அதாவது டிஎன்ஏவில் சரியான இடம் பார்த்து உட்காரத் தெரிந்த பாதி. அதன் முதுகில் வேறொரு குரோமோசோமிலிருந்து வந்த அந்நியப் புரதம் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்டிக்கொள்ளும் கூட்டாளிகள் 80-க்கு மேல் தெரிய வந்திருக்கின்றன. அடிக்கடி வருகிற ஏஎஃப்4, ஏஎஃப்9, ஈஎன்எல் மூன்றும், இயல்பான செல்லில் டாட்1எல் என்ற நொதியோடு சேர்ந்து வேலை செய்பவை. டாட்1எல் குறி போடுவது வாலில் அல்ல, எச்3-இன் நடு உடம்பில், 79-ஆவது லைசினில். ஆக, தன் குறியைப் போடும் ஆற்றலை இழந்த புரதம், பழைய விலாசத்திலேயே போய் உட்கார்ந்து, வேறொரு குறி போடுபவனை அங்கே கூட்டி வருகிறது. ஹாக்ஸ்ஏ9 அணையாமல் எரிகிறது.

ஒரு குறி, ஒரு பொருள் என்று பட்டியல் போட்டுப் புற்றுநோயைப் படிக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் சில இருக்கின்றன. 27-ஆவது லைசினில் உறங்கும் குறியைப் போடுவது ஈஇசட்எச்2 என்ற நொதி. பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோயில் அது மிகுந்திருப்பதை 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு கண்டது. நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமாக்கள் சிலவற்றிலும் அது கூடுதல் சுறுசுறுப்பு பெறுகிறது. அப்படியானால் அது கெட்ட நொதி என்று முத்திரை குத்திவிடலாமா? சில வகை இரத்தப் புற்றுநோய்களில் அதே நொதி செயலிழந்து போவதுதான் நோய்க்குத் துணை செய்கிறது. குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டி ஒன்றில், எச்3 மரபணுவிலேயே ஓர் எழுத்து மாறி, 27-ஆவது லைசின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் வந்து உட்கார்ந்திருப்பதை 2012-இல் கண்டார்கள். செல்லில் எச்3 மரபணுவின் படிகள் பத்துக்கு மேல் உண்டு. ஒரே ஒரு படி மாறியதற்கே செல் முழுதும் அந்த உறங்கும் குறி சரிந்துவிடுகிறது. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய். எந்தத் திசு, எந்த மரபணு, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்தது.

குறிகளை அளக்கும் முறையிலும் ஒரு சங்கடம் உண்டு. செல்கள்மேல் ஃபார்மால்டிஹைடு ஊற்றி டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளச் செய்வார்கள். கேளா ஒலியால் அதைச் சில நூறு எழுத்து நீளத் துண்டுகளாக நொறுக்குவார்கள். பிறகு குறிப்பிட்ட குறியை மட்டும் கவ்வும் ஆன்டிபாடியைப் போட்டு, அது கவ்விய துண்டுகளைக் காந்த மணிகளால் இழுத்தெடுத்து, அவற்றில் உள்ள டிஎன்ஏவைப் படித்தால், எந்தெந்த மரபணுவின் வாசலில் குறி இருந்தது என்பது திரையில் மேடு மேடாக எழும்பி வரும். பார்க்க அழகான படம். ஆனால் இரண்டு மெத்திலுக்கும் மூன்று மெத்திலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆன்டிபாடி வாய்த்தால் படம் பொய் சொல்லும். சரியான ஆன்டிபாடியே வாய்த்தாலும், லட்சக்கணக்கான செல்களின் சராசரிதான் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், மேடு இருக்கும் இடத்தில் மரபணு விழித்திருக்கிறது என்றால் குறி வந்ததால் விழித்ததா, விழித்ததால் குறி வந்ததா? ஈஸ்ட்டில் 4-ஆவது லைசினில் குறி போடும் நொதி ஒன்றே ஒன்றுதான். அதை அடியோடு நீக்கினாலும் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலான மரபணுக்கள் ஏறக்குறைய பழையபடியே ஓடுகின்றன.

குறி போடுவது மட்டும்தான் இந்தப் புரதத்தின் வேலையா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. சிடிஎஃப்டியின் தியாகி அங்கே வருமுன்பே, 2007-இல் சுவிட்சர்லாந்தில் வின்ஷிப் ஹெர் ஆய்வகத்தில் இருந்தபோது, செல் டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்துக்கு நுழையத் தேவையான மரபணுக்களின் வாசலுக்கு எம்எல்எல் குடும்பம் வந்து குறி போடுவதைக் காட்டியிருந்தார். ஹைதராபாத்துக்கு வந்தபின் அவருடைய குழு மனிதச் செல்களில் எம்எல்எல்லைக் குறைத்துவிட்டு, செல் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தது. படியெடுக்கும் கட்டத்தில் தடுமாறியது, எதிர்பார்த்ததுதான். செல் இரண்டாகப் பிரியும் கட்டத்திலும் தடுமாறியது. 2014-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: பிரிவில் எம்எல்எல் ஆற்றும் பங்குக்கு அதன் மெத்தில் போடும் பகுதி தேவையில்லை, அதைச் சுற்றியுள்ள துணைப் புரதங்களின் கூட்டணி இருந்தால் போதும்.

2017-இல் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். செல் பிரியும்போது இரு துருவங்களிலிருந்தும் நுண்குழல் இழைகள் கிளம்பிக் குரோமோசோம்களைப் பிடித்து நடுக்கோட்டில் வரிசையாக நிறுத்தும். மரபணுக்கள் பெரும்பாலும் வாய்மூடியிருக்கும் நேரம் அது. படிக்கவோ எழுதவோ அதிகம் இல்லை. அந்த இழைகளின்மேல் எம்எல்எல்லும் அதன் துணையான டபிள்யூடிஆர்5-உம் உட்கார்ந்திருந்தன. இழைகளைத் தறித்துச் சீராக்கும் கிஃப்2ஏ என்ற புரதத்தை அதன் இடத்தில் நிறுத்துவது இவைதாம். இவை இல்லாவிட்டால் குரோமோசோம்கள் வரிசைக்கு வராமல் அலைகின்றன. குரோமோசோம்களைச் சமமாகப் பங்கு போடத் தவறுவது புற்றுநோய்ச் செல்களின் வழக்கமான லட்சணம் என்பதால் இது சும்மா ஒரு வேடிக்கைத் தகவலாக நின்றுவிடவில்லை. மரபணு வெளிப்பாட்டின் கணக்கில் மட்டும் எம்எல்எல்லை எழுதிவைத்திருந்த ஏட்டில், செல் பிரிவுக்கு என்று இன்னொரு பக்கம் சேர்ந்தது.

இதே நிறுவனத்தில் சஞ்சீவ் கோஸ்லாவின் குழு 2015-இல் சொன்ன செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை, புற்றுநோய்க்கு நேரடி உறவில்லை என்றாலும். காசநோய்க் கிருமி சுரக்கும் ஒரு புரதம் நம் செல்லின் உட்கருவுக்குள் போய், நம் எச்3 ஹிஸ்டோனின் 42-ஆவது இடத்தில் உள்ள ஆர்ஜினின்மேல் மெத்தில் வைத்துவிட்டு, தன்னை எதிர்க்க வேண்டிய மரபணுக்களை அடக்கிவைக்கிறது. நம் கணக்குப் புத்தகத்தில் கிருமி வந்து குறி போடுகிறது.

பெங்களூரில் தபஸ் குண்டுவின் குழு வேறு பக்கமிருந்து வந்தது. புகையிலை மெல்லும் நம் நாட்டில் வாய்ப்புற்று எவ்வளவு பரவலானது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டிகளில் ஹிஸ்டோன்மேல் அசிட்டைல் அளவுக்கு மீறி ஏறியிருப்பதை 2010-இல் அவர்கள் காட்டினார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் ஸ்பெயினில் மனெல் எஸ்டெல்லரின் குழு, பலவகைப் புற்றுகளில் எச்4 என்ற ஹிஸ்டோனின் ஓரிடத்தில் அசிட்டைல் குறைந்துபோவதைப் பொது அடையாளமாகச் சொல்லியிருந்தது. ஓரிடத்தில் கூடுதல், இன்னோரிடத்தில் குறைவு, இரண்டும் உண்மைதான். குண்டு குழு இதற்கு முன்பே, 2003-இலும் 2004-இலும், முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம், கோகம் புளியில் உள்ள கார்சினால், மஞ்சளில் உள்ள குர்குமின் ஆகியவை அசிட்டைல் ஏற்றும் பி300 என்ற நொதியைத் தடுப்பதைக் கண்டிருந்தது. பண்ருட்டிக்காரர் காதில் விழுந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் மஞ்சள் பால் குடித்தால் புற்று கரையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குர்குமின் நீரில் கரையாது, குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சொற்பமே ஏறும். அதனால்தான் அக்குழு குர்குமினை வேதியியல் முறையில் மாற்றி, நீரில் கரையும் சிடிகே7ஏ என்ற மூலக்கூறாக்கி, மனித வாய்ப்புற்றுக் கட்டியைச் சுமந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. எலிகளில் கட்டி வளர்வது குறைந்தது. எலியைத் தாண்டி மனிதனுக்கு மருந்தாக வருவது நீண்ட பாதை.

அசிட்டைலைக் கழற்றும் நொதியைத் தடுக்கும் வொரினோஸ்டாட் 2006-இல் அமெரிக்காவில் தோலில் வரும் ஒரு லிம்ஃபோமாவுக்கு அனுமதி பெற்றது. நம் ஊர் மருந்துக்கடைகளில் வலிப்புக்கு விற்கும் வால்ப்ரோயேட்டுக்கும் அந்தக் குணம் உண்டு என்று 2001-இல் தெரிந்தது. இந்த வகை மருந்துகள் உட்கரு முழுதும் அசிட்டைலை ஏற்றிவிடுகின்றன. சில இரத்தப் புற்றுகளில் பலன் தந்தன, திடக்கட்டிகளில் ஏமாற்றமே மிஞ்சியது. குறியை மொத்தமாகக் கூட்டிக் குறைப்பதன் எல்லை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்எல்எல் லுக்கீமியாவிலும் முதலில் குறியைத்தான் குறிவைத்தார்கள். டாட்1எல்லைத் தடுக்கும் பினோமெட்டோஸ்டாட், ஆய்வகத்தில் கச்சிதமாக வேலை செய்தது. தனி மருந்தாக நோயாளிகளிடம் மிகச் சிலருக்கே நோய் தணிந்தது. பிறகு கவனம் எம்எல்எல்லின் முன்பாதிக்குத் திரும்பியது. உடைந்த எம்எல்எல் டிஎன்ஏவில் உட்கார மெனின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டாக வேண்டும். நாளமில்லாச் சுரப்பிகளில் இந்த மெனின் கட்டி வராமல் காக்கும் காவல்காரன், மரபணு கெட்டால் அங்கே கட்டிகள் வரும். இரத்தத்தில் அதே மெனின் கள்ளனுக்குக் கூட்டாளி. மெனினின் பள்ளத்தில் எம்எல்எல் கைகோக்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும் ரெவுமெனிப், 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற சிகிச்சைக்குப் பணியாத, அல்லது திரும்பி வந்த எம்எல்எல் லுக்கீமியாவுக்கு, ஒரு வயது நிறைந்த குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை. எந்தக் குறியையும் அது நேரடியாகத் தொடுவதில்லை. பிடி விட்டதும் ஹாக்ஸ்ஏ9 அணைகிறது, முதிராமல் நின்றிருந்த செல்கள் முதிரத் தொடங்குகின்றன. சிலரிடம் ஒரே நேரத்தில் அத்தனை செல்களும் முதிர்வதாலேயே காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று ஆபத்தான பக்கவிளைவும் வருகிறது.

புற்றுச் செல்லும் சும்மா இருப்பதில்லை. சோதனைக் கட்டத்தில் இம்மருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகள் சிலரிடம் மெனின் மரபணுவிலேயே மாற்றங்கள் தோன்றியிருப்பதை 2023-இல் வெளியிட்டார்கள். அந்தப் பள்ளத்தில் ஓரிரு அமினோ அமிலம் மாறியதும் மருந்துக்கு அங்கே இடம் சரியாக அமையாமல் போகிறது. எம்எல்எல் மட்டும் முன்போலவே கைகோத்துக்கொள்கிறது. இப்போது இம்மருந்தை வெனிட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் போன்ற வேறு மருந்துகளோடு சேர்த்து, செல்லுக்கு அப்படி மாறிக்கொள்ள அவகாசம் தராமல் முதலிலிருந்தே கூட்டாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் நடந்து வருகின்றன.